கல்வெட்டும் கணக்கேடும்: சசூன் குடும்பத்தின் நான்கு தலைமுறைகள்

1924-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12-ஆம் நாள் இரவு. எரவாடாச் சிறையில் இருந்த காந்தியடிகள் குடல்வால் அழற்சியால் பெரிதும் துன்புற்றுப் பூனா நகரத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டிருந்தார். கர்னல் மேடக் என்னும் ஆங்கிலேய மருத்துவர் அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். வெளியே இடியும் மழையும். சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே மின்விளக்கு அணைந்துபோயிற்று. அரிக்கேன் விளக்கொன்றைப் பிடித்துக்கொண்டு அதன் ஒளியில் எஞ்சிய வேலையை முடித்தார்கள். காந்தியடிகள் பிழைத்தார், பிப்ரவரி 5-ஆம் நாள் விடுதலையும் பெற்றார்.

இந்நிகழ்ச்சியை நம்மில் பலர் படித்திருக்கிறோம். ஆனால் அந்த மருத்துவமனைக்கு ஏன் 'சசூன் மருத்துவமனை' என்று பெயர் வந்தது என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. பம்பாய்க்குச் சென்று வந்தவர்கள் கொலாபாவில் சசூன் துறையைக் கண்டிருப்பார்கள். கோட்டைப் பகுதியில் சசூன் நூலகத்தின் கூரிய வளைவுகளையும் கண்டிருப்பார்கள். மூன்றும் ஒரே குடும்பத்தின் பெயரைத் தாங்கி நிற்பவை. அக்குடும்பம் பாக்தாதிலிருந்து வந்த ஒரு யூத வணிகக் குடும்பம். அரபு மொழி பேசி, அரபு உடை உடுத்தி இந்நாட்டுக் கரையில் இறங்கிய அவர்கள், நான்கு தலைமுறைகளுக்குள் கீழ்த்திசை வணிகத்தின் உச்சியைத் தொட்டு, பின் சிதறியும் போனார்கள். அவர்கள் கதையில் வணிகம் செய்யும் எந்தக் குடும்பமும் தன் முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

பாக்தாதின் கருவூலம்

பாபிலோனிய மன்னர் நெபுகத்நேசர் எருசலேமை வென்று யூதர்களைச் சிறைகொண்டு சென்றது கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டில். அன்றுமுதல் இருபத்தைந்து நூற்றாண்டுக்காலம் யூப்ரடீஸ், டைகிரிஸ் ஆறுகளின் கரையில் யூதர்கள் வாழ்ந்து வந்தனர். கலீபா மன்சூர் 762-இல் பாக்தாத் நகரை எழுப்பியபின் அந்நகரின் கடைவீதிகளிலும் கல்விக் கூடங்களிலும் அவர்களுக்கு இடமிருந்தது. வீட்டிலும் வெளியிலும் அவர்கள் பேசியது அரபு மொழியே.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அச்சமூகத்தின் தலைவராக விளங்கியவர் ஷெய்கு சசூன் பின் சாலிஹ். உதுமானியப் பேரரசின் சார்பில் பாக்தாதை ஆண்ட பாஷாக்களுக்கு அவர் கருவூல அதிகாரியாக நெடுங்காலம் பணிபுரிந்தார். வரிப்பணம் அவர் கை வழியே சென்றது. ஆட்சியாளருக்குப் பணமுடை வந்தபோது கடனும் அவர் வழியே கிடைத்தது. அவருடைய மகன் தாவீது 1792-இல் பிறந்தார். பிற்காலத்தில் பம்பாயில் பெருவணிகராகத் திகழ்ந்த தாவீது சசூன் இவரே.

1816 முதல் 1831 வரை பாக்தாதை ஆண்டவர் தாவூது பாஷா. பிடித்தவரும் பிடிபட்டவரும் ஒரே பெயரைத் தாங்கியிருந்தது வரலாற்றின் விந்தை. செல்வர்களிடம் பணம் பறிப்பதை இந்தப் பாஷா ஒரு வழக்கமாகவே கொண்டார். தாவீது சிறையில் அடைக்கப்பட்டார். வயது முதிர்ந்த தந்தை மீட்புப் பணம் கொடுத்து மகனை விடுவித்தார். பாஷாவின் மனம் மாறுமுன் படகேற்றிப் பஸ்ராவுக்கு அனுப்பிவைத்தார். அங்கும் பாதுகாப்பு இல்லை என்று கண்டு தாவீது வளைகுடாவைக் கடந்து பாரசீகத்தின் புஷஹர் துறைமுகத்தை அடைந்தார். அவர் அங்கியின் மடிப்பில் முத்துக்களை வைத்துத் தைத்து அனுப்பினார்கள் என்பது குடும்பத்தில் வழங்கிவரும் கதை. தந்தையும் பின்னாலேயே வந்து சேர்ந்தார். ஆனால் 1830-இல் புஷஹரிலேயே காலமானார்.

நாற்பதை நெருங்கும் வயதில், பிறந்த ஊரை இழந்து, தந்தையையும் இழந்து, பெருங்குடும்பத்தைத் தோளில் சுமந்துகொண்டு தாவீது 1832-இல் பம்பாயில் குடியேறினார்.

பம்பாய்த் துறைமுகத்தில்

அவர் வந்த வேளை நல்ல வேளை. இந்திய வணிகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இருந்த தனியுரிமை 1813-இலேயே நீக்கப்பட்டிருந்தது. சீன வணிகத்தில் எஞ்சியிருந்த தனியுரிமையை 1833-ஆம் ஆண்டுச் சட்டம் முடிவுக்குக் கொண்டுவந்தது. பார்சிகள், மார்வாடிகள், போராக்கள், கோஜாக்கள், ஆங்கிலேயர் எனப் பலரும் அக்கரையில் போட்டியிட்டனர். தாவீது முதலில் தமக்குத் தெரிந்த வழியிலேயே நடந்தார். ஆங்கிலத் துணிகளை வளைகுடா நாடுகளுக்கு அனுப்புவது, அங்கிருந்து வரும் சரக்குகளை இங்கு விற்பது என்ற அளவில் அவர் தொழில் தொடங்கியது. வளைகுடாத் துறைமுகங்களில் யார் நம்பத்தக்கவர், யார் சொல் தவறுபவர் என்பது அவருக்குத் தெரியும். வணிகத்தில் இந்த அறிவு மூலதனத்தினும் பெரிது.

அவர் அரபு, எபிரேயம், பாரசீகம், துருக்கி ஆகிய மொழிகளை அறிந்தவர். பம்பாய்க்கு வந்தபின் இந்துஸ்தானியும் கற்றுக்கொண்டார். ஆங்கிலம் கற்கவில்லை. 1853-இல் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றபோது எபிரேய எழுத்திலேயே கையொப்பமிட்டார். தலைப்பாகையும் நீண்ட அங்கியும் கடைசிவரை அவரை விட்டு நீங்கவில்லை. சனிக்கிழமை ஓய்வு நாளில் அவருடைய அலுவலகம் எத்தகைய இலாபத்துக்காகவும் திறக்கப்படவில்லை.

அவர் குழுமத்தின் கடிதங்களும் கணக்குகளும் ஒரு தனி முறையில் எழுதப்பட்டன. மொழி பாக்தாத் யூதர்களின் அரபு, எழுத்தோ எபிரேயம். அரபு எழுத்தில் தமிழை எழுதிப் படித்த அரபுத் தமிழ் மரபை அறிந்த நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. வீட்டு மொழியை மறை ஓதும் எழுத்தில் எழுதும் வழக்கம் இரு சமூகங்களிலும் இயல்பாக எழுந்தது. வணிகத்தில் அதற்கு ஒரு கூடுதல் பயனும் இருந்தது. சீனாவிலிருந்து பம்பாய்க்கு வரும் விலைச் செய்தியை இடையில் பிறர் எவரும் படித்துவிட முடியாது.

அவருக்கு இரு மனைவியர் வழியே எண்மர் புதல்வர். அப்துல்லாஹ், எலியாஸ், சுலைமான், ஹாரூன், ஃபரஜ் என்று நம் காதுக்குப் பழகிய ஒலிகளில் அமைந்த பெயர்களும் அவர்களிடையே இருந்தன. மூத்த இரண்டாம் மகனான எலியாஸ் 1844-இல் சீனாவுக்கு அனுப்பப்பட்டார். பிற புதல்வர்களும் முறைவைத்துச் சென்று தொழில் பழகினர். காண்டன், ஹாங்காங், ஷாங்காய் என்று கிளைகள் எழுந்தன. பாக்தாதிலிருந்து ஏழை யூத இளைஞர்களை வரவழைத்து, பம்பாயில் பள்ளி நடத்தி, எழுத்தும் கணக்கும் கற்பித்து, அக்கிளைகளுக்கு எழுத்தர்களாக அனுப்பினார்கள். தொழுகை இல்லம், மருத்துவ உதவி, இறந்தால் அடக்கத்தலம் ஆகிய அனைத்தையும் குழுமமே கவனித்துக்கொண்டது. ஹாங்காங்-ஷாங்காய் வங்கியைத் தோற்றுவிக்கக் கூடிய முதற்குழுவில் தாவீதின் புதல்வர்களில் ஒருவரான ஆர்தர் சசூன் இடம்பெற்றிருந்தார் என்பது அவர்கள் எவ்வளவு விரைவில் வளர்ந்தார்கள் என்பதைக் காட்டும்.

அபினிப் பெட்டி

அந்த வளர்ச்சிக்கு எரிபொருளாக இருந்த சரக்கு எது என்பதை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். அது அபினி.

மத்திய இந்தியாவின் மால்வா நாட்டில் விளைந்த கசகசாச் செடியின் பாலைக் காய்ச்சி, உருட்டி, பெட்டிகளில் அடைத்துப் பம்பாய்க்குக் கொண்டுவந்தார்கள். ஒரு பெட்டி ஏறக்குறைய 60 கிலோ எடை இருக்கும். அங்கிருந்து கப்பலேறிச் சீனா சென்றது. சீன அரசு அதைத் தடை செய்திருந்தது. 1839-இல் லின் சேசூ என்னும் சீன அதிகாரி இருபதாயிரத்துக்கு மேற்பட்ட பெட்டிகளைக் கைப்பற்றி அழித்தார். பிரிட்டன் போர் தொடுத்தது, 1842-இல் சீனா பணிந்தது, ஹாங்காங் பறிபோயிற்று. இரண்டாம் போரின் விளைவாக 1858-இல் அபினி இறக்குமதி சட்டபூர்வமாகவே ஆகிவிட்டது. கோடிக்கணக்கான மக்களைக் கொண்ட ஒரு நாட்டின் குடும்பங்களில் அந்தப் புகை புகுந்தது.

இந்த வணிகத்தைத் தொடங்கியவர்கள் சசூன்கள் அல்லர். வங்காளத்தில் அபினியைத் தன் தனியுரிமையாக வைத்திருந்தது கிழக்கிந்தியக் கம்பெனியே. மால்வா அபினியில் பார்சிகளும் மார்வாடிகளும் குஜராத்தியரும் ஆங்கிலக் கம்பெனிகளும் முன்னரே பெரும்பொருள் ஈட்டியிருந்தனர். சசூன்கள் பிறகு வந்தார்கள். ஆனால் உள்நாட்டு வணிகர்களுக்கு முன்பணம் கொடுத்து, சரக்கை விளையுமிடத்திலேயே பிடித்துப் பிறரை முந்தினார்கள். ஜார்டீன் போன்ற பழைய ஆங்கில நிறுவனங்கள் 1870-களின் தொடக்கத்தில் அபினியிலிருந்து விலகியபோது முதலிடம் சசூன்களுக்கு வந்து சேர்ந்தது. இங்கிலாந்தில் சமயத் தொண்டர்களும் மக்கள் மன்ற உறுப்பினர்களும் அவ்வணிகத்தை எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள். 1893-இல் அரசு விசாரணைக் குழுவொன்று அமர்ந்தது. அதன் பின்னரும் குடும்பத்தார் தாமாக அதைக் கைவிடவில்லை. 1907-இல் பிரிட்டனும் சீனாவும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி பத்தாண்டுகளில் படிப்படியாக அது நின்றபோதுதான் அவர்கள் கையும் நின்றது.

அபினியோடு பருத்தியும் இருந்தது. 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்தபோது லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு வரவில்லை. இந்தியப் பஞ்சின் விலை விண்ணை முட்டியது. பம்பாயில் பலர் அந்த வெறியில் ஏறி, போர் நின்ற அன்றே வீழ்ந்தார்கள். சசூன் குழுமம் ஒரே சரக்கில் முழுக்கையும் வைக்காத காரணத்தால் நிலைத்து நின்றது.

ஈகையின் வரிசை

ஒவ்வொரு வணிகத்திலும் ஒரு சிறு பங்கை அறத்திற்கென ஒதுக்குவது சசூன்களின் வழக்கம். கணக்கேட்டிலேயே அதற்கு இடம் இருந்தது. அந்தப் பங்கிலிருந்து எழுந்தவற்றைப் பம்பாயிலும் பூனாவிலும் இன்றும் காணலாம்.

பைக்குல்லாவில் 1860-களில் எழுந்த 'மாகென் தாவீது' தொழுகை இல்லம் அவர் தம் சமூகத்துக்குச் செய்தது. வழி தவறிய சிறுவர்களைத் திருத்தித் தொழில் கற்பிக்கும் பள்ளியும், பூனா மருத்துவமனையும் எல்லாச் சமூகத்தாருக்கும் ஆனவை. 1847-இல் பம்பாய் நாணயச்சாலையிலும் கப்பல் தளத்திலும் வேலை பார்த்த இளைஞர்கள் சிலர் கூடித் தொழிற்கலைஞர் கழகம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதற்குச் சொந்தக் கட்டடம் எழுப்ப 60,000 ரூபாய் வழங்கினார் தாவீது. ஆங்கிலம் படிக்க இயலாத முதியவர், ஆங்கில நூல்கள் நிறைந்த படிப்பகத்துக்குப் பொருள் கொடுத்தார். 1870-இல் அக்கட்டடம் நிறைவுற்றது. அதன் வாயிலில் தலைப்பாகையோடு நிற்கும் அவருடைய பளிங்குச் சிலை இலண்டன் சிற்பி தாமஸ் வூல்னர் செய்தது.

நூலகம் எழுந்ததையோ, 1867-இல் மருத்துவமனை திறக்கப்பட்டதையோ காண அவர் இல்லை. 1864 நவம்பரில் பூனாவில் அவர் காலமானார். அந்நகரத்து மக்கள் 'லால் தேவல்' என்றழைக்கும் செங்கல் தொழுகை இல்லத்தின் வளாகத்தில் அவரது கல்லறை இருக்கிறது.

பெயர்கள் மாறிய காலம்

தந்தை மறைந்ததும் மூத்த மகன் அப்துல்லாஹ் தலைமை ஏற்றார். சீனக் கிளைகளைத் தம் உழைப்பால் வளர்த்த எலியாஸ் தம்பியாகவே இருந்துவிட மனம் கொள்ளவில்லை. 1867-இல் பிரிந்து சென்று தம் பெயரில் தனி நிறுவனம் கண்டார். சீன வணிகர்கள் ஒன்றைப் 'பழைய சசூன்' என்றும் மற்றொன்றைப் 'புதிய சசூன்' என்றும் அழைத்தனர். ஒரே துறைமுகத்தில், ஒரே சரக்கில் அண்ணனும் தம்பியும் போட்டியிட்டனர். பாகப்பிரிவினை நம் ஊர்களுக்கு மட்டும் உரியதன்று.

அப்துல்லாஹ் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அமர்ந்தார். 1872-இல் 'சர்' பட்டம் பெற்றார். 1875-இல் கொலாபாவில் கடலைத் தூர்த்துச் சசூன் துறையைக் கட்டினார். அதுவரை கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, சிறு படகுகளில் சரக்கு இறக்கும் நிலையே அங்கு இருந்தது. அவ்வாண்டு வருகை தந்த வேல்ஸ் இளவரசரின் நினைவாகக் குதிரை மீதமர்ந்த சிலை ஒன்றை நகருக்கு வழங்கினார்; 1879-இல் அது நிறுவப்பட்டது. 1965-இல் சிலையை அகற்றிவிட்டார்கள். இளவரசரை மக்கள் மறந்தார்கள், குதிரையை மறக்கவில்லை. அப்பகுதிக்குக் 'காலா கோடா', அதாவது கருங்குதிரை, என்ற பெயரே நிலைத்துவிட்டது.

அதே 1870-களில் அப்துல்லாஹ் இலண்டனுக்குக் குடிபெயர்ந்தார். அங்கு அவர் சர் ஆல்பர்ட் சசூன். 1890-இல் பரம்பரைப் பட்டமான 'பாரனெட்' அவருக்குக் கிடைத்தது. தம்பி ஃபரஜ் ஃபிரெடரிக் ஆனார். வேல்ஸ் இளவரசர் அவர்கள் இல்லங்களுக்கு விருந்தாளியாக வந்தார். தந்தை கட்டிக்காத்த அங்கியும் தலைப்பாகையும் பெட்டிக்குள் போயின. வணிகம் பம்பாயிலும் ஷாங்காயிலும் நடந்தது. அதன் முதலாளிகள் இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகளில் வாழ்ந்தார்கள்.

ஃபர்ஹா அம்மையார்

பம்பாய் அலுவலகத்தை உண்மையில் தாங்கியவர் இளைய மகன் சுலைமான். அவர் 1894-இல் மறைந்தபோது, அடுத்து யார் என்ற கேள்வி எழுந்தது. அப்போது நாற்காலியில் அமர்ந்தவர் அவருடைய கைம்பெண் ஃபர்ஹா. அவருக்கு வயது முப்பத்தைந்து, பிள்ளைகள் மூவர். ஃபர்ஹா 1859-இல் பம்பாயில் பிறந்தவர். அப்துல்லாஹ்வின் மகள் வயிற்றுப் பேத்தி. எபிரேயம், அரமேயம், அரபு, இந்துஸ்தானி, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மொழிகளை அறிந்தவர். யூத மறைநூல்களை அறிஞர்களிடம் முறையாகப் பாடம் கேட்டவர்.

ஆண்களே நிறைந்த பருத்தி, அபினிச் சந்தையில் ஒரு பெண் ஏழாண்டுக்காலம் நிறுவனத்தை நடத்தினார். அந்த ஆண்டுகள் எளியவை அல்ல. 1896-இல் பம்பாயில் கொள்ளைநோய் பரவியது. மக்கள் ஊரைவிட்டு ஓடினர். ரஷ்ய நாட்டு யூதரான டாக்டர் ஹாஃப்கின், பைக்குல்லாவில் ஆய்வு நடத்தித் தடுப்பூசி மருந்தொன்றைக் கண்டு, 1897 ஜனவரியில் முதலில் தம் உடம்பிலேயே செலுத்திக்கொண்டார். மக்களோ ஊசிக்கு அஞ்சினர். ஃபர்ஹா தாமே முன்வந்து ஊசி போட்டுக்கொண்டு பிறரையும் ஊக்குவித்தார். அதே நேரத்தில் இஸ்மாயிலிச் சமூகத் தலைவர் ஆகா கான், தம் மக்கள் முன்னிலையில் ஊசி போட்டுக்கொண்டு அச்சத்தைப் போக்கியதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

இலண்டனில் இருந்த கணவரின் உடன்பிறந்தோருக்கு அவரது தலைமை உவப்பாக இல்லை. 1901-இல் நிறுவனம் தனியார் வரையறுக்கப்பட்ட கம்பெனியாக மாற்றப்பட்டது. அதிகாரம் இலண்டனுக்குச் சென்றது. ஃபர்ஹா பிள்ளைகளோடு இங்கிலாந்து சென்றார். அங்கு அவர் பெயர் ஃபிளோரா. பெயர் மாறினாலும் வழக்கம் மாறவில்லை. அவர் இல்லத்தில் ஓய்வுநாளும் உணவு நெறியும் பம்பாயில் இருந்தவாறே இருந்தன. 1924-இல் இலண்டன் யூதர் கல்லூரி விழாவுக்குத் தலைமை தாங்கி மறைநூல் பற்றி ஆய்வுரை ஆற்றினார். அக்கல்லூரியில் ஒரு பெண் அவ்வாறு தலைமை தாங்கியது அதுவே முதல் முறை. 1936-இல் அவர் காலமானார்.

எழுத்தும் அரசியலும்

இங்கிலாந்தில் வளர்ந்த தலைமுறைகள் வணிகத்தை விட்டுப் பொதுவாழ்வில் புகுந்தன. பம்பாயில் 1858-இல் பிறந்த ரேச்சல் பீர், தாவீதின் பேத்தி. 'அப்சர்வர்', 'சண்டே டைம்ஸ்' என்னும் இரு ஆங்கில வார இதழ்களுக்கும் அவர் ஆசிரியராக இருந்தார். பிரெஞ்சு இராணுவத்தில் டிரைபஸ் என்னும் யூத அதிகாரி மீது பொய்க்குற்றம் சுமத்தப்பட்ட வழக்கில், உண்மைக் குற்றவாளியான எஸ்டர்ஹேசியின் ஒப்புதலை 1898-இல் உலகுக்கு வெளியிட்டது அவருடைய 'அப்சர்வர்' இதழே.

ரேச்சலின் உடன்பிறந்தார் மகன் சீக்ஃபிரீட் சசூன் (1886–1967). முதல் உலகப்போரில் வீரப்பதக்கம் பெற்ற அவர், அப்போரைத் தேவையின்றி நீட்டுகிறார்கள் என்று 1917-இல் பகிரங்க அறிக்கை விடுத்தார். போரின் கொடுமையைப் பாடிய கவிஞராக அவர் இன்றும் பள்ளிகளில் படிக்கப்படுகிறார். அவருடைய தாய் கிறிஸ்தவர்; வளர்ப்பும் அவ்வழியே. ஆல்பர்ட்டின் பேரர் சர் ஃபிலிப் சசூன் 1912-இல் பாராளுமன்றம் புகுந்து விமானத் துறையின் துணை அமைச்சராகவும், பின் பொதுப்பணி அமைச்சராகவும் விளங்கினார். மணம் புரியாத அவர் 1939-இல் மறைந்தபோது பாட்டனார் பெற்ற பாரனெட் பட்டமும் அவரோடு முடிந்தது.

புதிய சசூனின் முடிவு

எலியாஸின் கிளை வணிகத்தை விடவில்லை. அவர் மகன் சர் ஜேக்கப் சசூன் பம்பாயில் பருத்தி ஆலைகளை நிறுவினார். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் அவற்றில் வேலை பார்த்தனர். பம்பாய் அறிவியல் கழகம் எழும்ப நன்கொடை அளித்தவர்களின் வரிசையில் யூதரான ஜேக்கப் சசூன், பார்சியரான கவாஸ்ஜி ஜஹாங்கீர், முஸ்லிமான கரீம்பாய் இப்ராஹீம், இந்துவான வசன்ஜி மூல்ஜி ஆகிய நால்வர் பெயரும் சேர்ந்து நிற்கின்றன. அக்காலப் பம்பாயின் பொதுவாழ்வுக்கு இது ஒரு சான்று.

ஜேக்கபின் தம்பி மகன் சர் விக்டர் சசூன் (1881–1961). இந்திய மத்திய சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். 1929-இல் அமைந்த தொழிலாளர் நிலை விசாரணைக் குழுவிலும் இடம்பெற்றார். வேலைநிறுத்தமும் வரியும் அரசியல் மாற்றமும் பம்பாயில் நெருக்கவே, முதலீட்டை ஷாங்காய்க்கு மாற்றினார். ஆற்றங்கரையில் 1929-இல் அவர் எழுப்பிய 'கத்தே' ஓட்டல் கீழ்த்திசையின் பெருமைக்குரிய மாளிகைகளுள் ஒன்றாயிற்று.

1938 முதல் நாஜிக்கொடுமைக்குத் தப்பிய யூத அகதிகள் கப்பல் கப்பலாக ஷாங்காய் வந்திறங்கினர். நுழைவுச் சீட்டுக் கேட்காத துறைமுகம் உலகில் வேறு அரிது. ஏறத்தாழ இருபதாயிரம் பேர் வந்து சேர்ந்தார்கள். விக்டர் தம் பெருங்கட்டடம் ஒன்றின் தளத்தை அவர்கள் வந்து தங்கத் திறந்துவிட்டார். பாஷாவுக்கு அஞ்சிப் படகேறியவரின் கொள்ளுப்பேரர், நூறாண்டுக்குப்பின் ஹிட்லருக்கு அஞ்சிக் கப்பலேறியவர்களுக்கு இடம் கொடுத்தார். இந்தக் குடும்பத்தின் வரலாற்றில் இதனினும் பொருத்தமான நிகழ்ச்சி வேறில்லை.

பின் ஜப்பானியர் வந்தனர். 1949-இல் பொதுவுடைமை ஆட்சி வந்தது. ஷாங்காய்ச் சொத்துக்கள் அனைத்தும் போயின. விக்டர் பஹாமாத் தீவில் குடியேறி 1961-இல் மக்கட்பேறின்றி மறைந்தார். பாக்தாதிலும் 1950, 1951-ஆம் ஆண்டுகளில் யூதர்களில் பெரும்பாலோர் அந்நகரை விட்டுச் சென்றுவிட்டனர். தொடங்கிய ஊரும் முடிந்த ஊரும் ஒருசேரக் கைநழுவிப் போயின.

யார் படிப்பது?

இன்று சசூன் துறையில் விடியற்காலையில் கோலி இனப் பெண்கள் மீன் ஏலம் கூறுகிறார்கள். சசூன் மருத்துவமனையில் ஏழைகள் வரிசையில் நிற்கிறார்கள். நூலகத்தில் மாணவர்கள் தேர்வுக்குப் படிக்கிறார்கள். தமக்கென்று சேர்த்த மாளிகையும் பங்கும் பட்டமும் கைமாறின. பிறர்க்கென்று கொடுத்தவை மட்டும் கொடுத்தவர் பெயரிலேயே நிற்கின்றன. இது ஈகையின் பெருமை. ஐயமில்லை.

ஆனால் இதோடு கட்டுரையை முடிப்பது முழு நேர்மை ஆகாது. கல்வெட்டு, செலவை மட்டும் சொல்லும், வரவைச் சொல்லாது. பூனாவில் ஒருவர் நோய் தீர்ந்ததும் உண்மை. அதே பணத்தால் காண்டனில் ஒருவர் குடும்பம் புகையில் அழிந்ததும் உண்மை. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் கழித்துவிட முடியாது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே வரலாற்றின் வேலை. அதற்குக் கணக்கேடு வேண்டும்.

சசூன்களின் கணக்கேடுகளும் கடிதங்களும் ஆயிரக்கணக்கில் எஞ்சியுள்ளன. எருசலேமின் தேசிய நூலகத்தில் அவை பாதுகாக்கப்படுகின்றன. எபிரேய எழுத்தில், பாக்தாத் அரபு மொழியில் எழுதப்பட்ட அவற்றை, இலண்டனில் ஆங்கிலமே பேசி வளர்ந்த சந்ததியார் படிக்க இயலாது போயிற்று. பாட்டனாரின் கையெழுத்து பேரனுக்குக் கோடுகளாகிவிட்டது.

இதற்கு விலக்காக நின்றவர் ஃபர்ஹா அம்மையாரின் மகன் தாவீது சுலைமான் சசூன் (1880–1942). அவர் வணிகத்தில் நாட்டம் கொள்ளாமல் ஊர் ஊராகச் சென்று ஆயிரத்துக்கு மேற்பட்ட எபிரேயக் கையெழுத்துச் சுவடிகளைச் சேகரித்தார். பட்டியலிட்டு 1932-இல் வெளியிட்டார். பாக்தாத் யூதர்களின் வரலாற்றையும் எழுதினார்; அவர் மறைந்தபின் 1949-இல் அந்நூல் அச்சாயிற்று. அவர் சேகரித்த பழைய மறைநூற் சுவடி ஒன்று 2023-இல் 3 கோடியே 81 இலட்சம் டாலருக்கு ஏலம் போனபோது உலகம் வியந்தது. அதன் மதிப்பை முதலில் அறிந்தவர், தாயிடம் எழுத்தையும் மொழியையும் இழக்காமல் பெற்றுக்கொண்ட அந்த மகனே.

அண்மையில், 2022-இல், ஷெய்கு சசூனின் வழியில் வந்தவரும் பாக்தாதில் பிறந்தவருமான பேராசிரியர் ஜோசப் சசூன் அக்கடிதங்களைப் படித்துக் குடும்பத்தின் முழு வரலாற்றை எழுதி வெளியிட்டார். அபினியும் அதில் இருக்கிறது, ஈகையும் இருக்கிறது. அண்ணன் தம்பி பூசல் இருக்கிறது. ஃபர்ஹாவை ஒதுக்கிய கதையும் இருக்கிறது. அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர் எஞ்சியிருந்தமையால் இவை நமக்குக் கிடைத்தன.

கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நாகூரிலும் அதிராம்பட்டினத்திலும் கடல் கடந்து பொருளீட்டிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. பாட்டனார் கட்டிய மதரசாவையும் வெட்டிய குளத்தையும் பெருமையோடு காட்டுகிறோம். அவர் எழுதிய அரபுத் தமிழ்க் கடிதங்கள் எங்கே என்று கேட்டால் பரணைக் காட்டுவோர் சிலர். வீட்டை இடித்தபோது போயிற்று என்போர் பலர். இருப்பவற்றையும் வாசிக்க வீட்டில் ஆளில்லை. கல்லில் பொறித்த பெயர் தானே நிற்கும். ஏட்டில் எழுதிய வாழ்வு, அதைப் படிக்கத் தெரிந்த ஒரு பேரனோ பேத்தியோ இருக்கும் வரையில்தான் நிற்கும்.